முதலில் கேட்டதே மூலம்: இருமொழி இசைத்தட்டுகளும் மெட்டுவழி மொழிபெயர்ப்பும்

மொழிபெயர்ப்பு பற்றிய தமிழாய்வுகள் கவிதை, நாவல், அறிவியல் நூல், சமய நூல் எனப் பல துறைகளைத் தொட்டுள்ளன. பரவலில் இவற்றுக்குச் சற்றும் குறையாத ஒரு துறை மட்டும் திறனாய்வாளரின் கவனத்தை உரிய அளவில் பெறவில்லை. ஒரு மொழியில் ஒரு மெட்டுக்கு அமைந்த பாடலை, மெட்டைத் தொடாமல், வேறொரு மொழியில் எழுதும் பணியே அது. 1950களில் சென்னைப் படக்கூடங்களில் தமிழிலும் தெலுங்கிலும் ஒருசேர உருவான படங்கள் பல. அவற்றின் பாடல்கள் நிமிடத்திற்கு 78 முறை சுழலும் இசைத்தட்டுகளில், பக்கத்திற்கு ஏறத்தாழ மூன்றரை நிமிடம் என்னும் அளவுக்குள் அடங்கி வெளிவந்தன. அத்தட்டுகளின் காலம் 1970களின் தொடக்கத்தோடு முடிந்தது. பரணில் கிடந்தவற்றைத் தேடி எடுப்போரும், பழம்பொருள் சந்தைகளில் விலைகொடுத்து வாங்குவோரும் இப்போது பெருகியுள்ளனர். சரிகம நிறுவனம் 2017இல் ஐயாயிரம் பழைய இந்திப் பாடல்களை உள்ளடக்கிய ‘காரவான்’ என்னும் கருவியை வெளியிட்டது. பின்னர்த் தமிழ், தெலுங்கு உள்ளிட்ட மொழிகளுக்கும் அது வந்தது. இம்மீட்பு பெரும்பாலும் இளமை நினைவு சார்ந்த பொழுதுபோக்காகவே பேசப்படுகிறது. மொழிபெயர்ப்பாய்வுக்கு இது தரும் சான்று அதனினும் பெரிது.

இரு வடிவங்களையும் ஒப்பிட்டுக் கேட்கும் செவி எல்லா ஊரிலும் வாய்ப்பதில்லை. ஐதராபாத்தை அடுத்த மல்காஜ்கிரி அவ்வகையில் குறிப்பிடத்தக்கது. 2007இல் பெருநகர மாநகராட்சியோடு இணையும்வரை தனி நகராட்சியாக இருந்த இப்பகுதி, செகந்திராபாத்தின் இருப்புப்பாதை வட்டாரத்தைச் சார்ந்து வளர்ந்தது. அருகிலுள்ள லாலாகூடா ரயில்வே பணிமனை 1893இல் நிறுவப்பட்டது. படைப்பிரிவுகளையும் ரயில்வேயையும் தொடர்ந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் லாலாகூடா, மெட்டுகூடா, மல்காஜ்கிரி எனப் பரவின. பள்ளியிலும் தெருவிலும் தெலுங்கு, அடுக்களையில் தமிழ் என்பது இவற்றின் அடுத்தடுத்த தலைமுறைகளின் நிலை. தமிழ் பேசத் தெரிந்து எழுத்துக்கூட்டத் தெரியாதோர் இவர்களுள் உளர். இத்தகையோருக்கு ஐதராபாத் வானொலி வழியே தெலுங்கு வடிவமும், இலங்கை வானொலி வழியே தமிழ் வடிவமும் செவியில் விழுந்தன. எது முன்னர் விழுந்தது என்பது வீட்டுக்கு வீடு வேறுபடும்.

இங்கேதான் கோட்பாட்டுச் சிக்கல் எழுகிறது. மூலமொழி, பெயர்ப்புமொழி என்னும் பாகுபாடு காலமுறை சார்ந்தது. முன்னர் எழுதப்பட்டது மூலம். கேட்போரோ இவ்வரிசையை அறியார். முதலில் கேட்டதே அவர்க்கு மூலம். பிறகு கேட்டது எத்துணைச் சிறப்புடையதாயினும் ‘மாற்றப்பட்ட’ பாடலாகவே தோன்றும். பழைய தட்டுகளை மீண்டும் கேட்பவர் தம் இளமையில் கேளாத வடிவத்தை எதிர்கொள்ளும்போது, “இங்கே சொல் பொருந்தவில்லை” என்று உணர்வது பல நேரங்களில் பழக்கத்தின் விளைவேயன்றிப் பாடலின் குறையன்று. அவ்வுணர்வைத் திறனாய்வாகக் கொள்ளலாகாது. சொல்லையும் அசையையும் வைத்தே தீர்ப்பு அமைய வேண்டும்.

விஜயா நிறுவனத்தின் ‘மிஸ்ஸம்மா’வும் அதன் தமிழ் வடிவமான ‘மிஸ்ஸியம்மா’வும் 1955இல் வெளிவந்தன. இசை எஸ். ராஜேஸ்வரராவ், தெலுங்குப் பாடல்கள் பிங்களி நாகேந்திரராவ் (1901–1971), தமிழ்ப் பாடல்கள் தஞ்சை ராமையாதாஸ் (1914–1965). நிலவை விளித்து இருவர் பாடும் பாடலை இரு மொழியிலும் ஏ.எம். ராஜாவும் பி. லீலாவுமே பாடினர். மெட்டும் குரலும் மாறாமல் மொழி மட்டும் மாறும் இத்தகைய சான்று ஆய்வாளருக்கு எளிதில் கிடைப்பதன்று.

தெலுங்கில் நிலவு ‘சந்தமாம’. தமிழில் ‘வெண்ணிலாவே’. தெலுங்கு யாப்பின் குரு, லகு என்னும் அளவையால் நோக்கினால் இரண்டும் நான்கு அசை. முதலது குரு, இரண்டாவது லகு, மூன்றாவது குரு. தெலுங்கில் ஈற்றசை எழுத்தளவில் குறில், இசையில் நீள்கிறது; தமிழில் அது எழுத்திலேயே நெடில். நேர்ச்சொல் தமிழில் இல்லாமல் இல்லை. நாகிரெட்டியும் சக்ரபாணியும் 1947இல் தொடங்கிய ‘சந்தமாமா’ இதழின் தமிழ்ப் பதிப்புக்கு ‘அம்புலிமாமா’ என்றே பெயர். அவ்விருவரே விஜயா படநிறுவனத்தாரும் ஆவர். ஆக, அந்நிறுவன வளாகத்திலேயே ஆயத்தமாக இருந்த சொல்லைத் தாஸ் கைக்கொள்ளவில்லை. காரணம் வெளிப்படை. அம்புலிமாமா ஐந்து அசை. மெட்டின் நான்காம் இடத்தில் நீள வேண்டிய ஒலி அங்கே ஓர் அசை தள்ளிப்போகும். மேலும், தமிழில் அச்சொல் சோறூட்டும் தாயின் வாய்ச்சொல். தெலுங்கில் சந்தமாம குழந்தைக்கும் காதலர்க்கும் பொதுவாக வழங்கும். தமிழில் அம்புலிமாமா காதற்பாட்டில் நுழைந்தால் நகைப்பே மிஞ்சும்.

இம்மாற்றத்தில் ஓர் இழப்பும் உண்டு. அதை மறைப்பது நேர்மையன்று. மாமன் என்னும் உறவு போயிற்று. தெலுங்கின் அழைப்புச் சொல்லில் வரும் ‘ஓயி’ என்னும் ஈறு ஒத்த வயதுடைய ஆணையோ இளையவனையோ உரிமையுடன் கூப்பிடும் விளி. வழக்குரைக்க உறவினனை அழைக்கும் தொனி அது. தமிழின் ‘வாராயோ’ இரந்து கேட்கும் வினா. அங்கே நிலவு பஞ்சாயத்தார். இங்கே தெய்வம் போன்ற ஒன்று. ஒருவரையொருவர் குறைகூறிக்கொள்ளும் இருவரின் பாடலுக்குத் தெலுங்குத் தொனியே அணுக்கமானது என்பதில் ஐயமில்லை.

ஆயினும் இவ்விரப்பு எங்கிருந்து வந்தது என்பது நோக்கத்தக்கது. தெலுங்குச் சொற்கள் பெரும்பாலும் உயிரீறு உடையவை. அடியின் முடிவில் இசை நீளும்போது குரலுக்கு இடம் தானாகவே கிடைக்கும். தமிழிலோ ன், ம், ல், ள், ர் என மெய்யீற்றுச் சொற்கள் மிகுதி. தெலுங்கு மெட்டின் நீண்ட முடிவில் தமிழ்ச்சொல்லை அமர்த்துவோர் ஏகாரம், ஓகாரம், ஆகாரம் ஆகியவற்றை நாடியே தீர வேண்டும். விளியும் வினாவும் அவ்வாறே பெருகுகின்றன. ஒலித்தேவை பொருளைப் பிறப்பிக்கும் இடம் இது. பெயரின் ஈறு நீண்டும் திரிந்தும் விளியேற்பதைத் தொல்காப்பிய விளிமரபு விரித்துரைப்பதால், இவ்வடிவம் தமிழ்ச்செவிக்கு ஒட்டாகத் தோன்றவில்லை. மல்காஜ்கிரியில் தெலுங்கு வடிவத்தை முதலிற் கேட்டவர் தமிழ்ப் பாடலில் ‘கெஞ்சல்’ மிகுதி என்று கருதுவாராயின், அவர் செவி பிழைபடவில்லை. காரணம் கவிஞரின் மனப்போக்கில் அன்று, ஈற்றெழுத்தில் உள்ளது.

1957இன் ‘மாயாபஜார்’ வேறொரு வகை. கடோத்கசன் திருமண விருந்தை விழுங்கும் பாடலைத் தெலுங்கில் மாதவபெத்தி சத்தியமும் தமிழில் திருச்சி லோகநாதனும் பாடினர். தெலுங்கு வடிவம் ‘விவாகம்’ என்னும் வடசொல்லையும் ‘அம்பு’ என்னும் பழைய ஏட்டுநடை ஈற்றையும் கொண்டு மிடுக்கோடு தொடங்கிப் பண்டங்களில் இறங்குகிறது. அப்பண்டங்களுள் காரெலு வடை, பூரெலு ஏறத்தாழச் சுழியம், அரிசெலு அதிரசமே. மூன்றுக்கும் தமிழில் பெயர் உண்டு. தாஸ் மூன்றையும் விட்டுவிட்டுப் பஜ்ஜியையும் சொஜ்ஜியையும் பரிமாறினார். எதுகை கருதிய தேர்வு என்று எளிதில் சொல்லிவிடலாம். தெலுங்கிலும் காரெலு, பூரெலு என்பவை இரண்டாம் எழுத்தால் ஒன்றுவனவே. அங்கு அதைப் பிராசம் என்பர். எனவே தாஸ் பெயர்த்தது பண்டத்தை அன்று, பண்டங்களுக்கிடையேயான ஒலியுறவை. அதனோடு, தமிழ்நாட்டில் பஜ்ஜியும் சொஜ்ஜியும் பெண்பார்க்கும் நாளின் சிற்றுண்டி. தெலுங்குப் பட்டியலில் இல்லாத ஒரு திருமணக் குறிப்பைத் தமிழ்ப் பட்டியல் ஈட்டிக்கொண்டது. இரு வடிவிலும் மாறாது நிற்பவற்றுள் புளியோதரை ஒன்று. பூரி கிழங்கு பாரதக் கதைக்குள் எவ்வாறு வந்தது என்று கேட்போர், அரக்கன் தின்னும் வேகத்தில் அக்கேள்வியை மறந்துவிடுவர்!

மிடுக்கு வீழ்ந்தது என்பது உண்மை. தெலுங்கில் நகைச்சுவை ஏட்டுநடைக்கும் பெருந்தீனிக்கும் உள்ள முரணில் பிறக்கிறது. தமிழில் பேச்சுச் சொல்லின் துள்ளலில் பிறக்கிறது. இரண்டும் சிரிக்க வைக்கின்றன, வெவ்வேறு இடத்தில். நிலவுப் பாடலை விட இதுவே தாஸின் சிறந்த ஆக்கம் எனத் துணியலாம்.

பாடுவோர் தம் தாய்மொழி எழுத்தில் பிறமொழிப் பாடலை எழுதிவைத்துப் பாடும் வழக்கமும் ஈண்டுக் கருதற்குரியது. இக்காலத் தெலுங்கு நெடுங்கணக்கில் ழகரத்திற்கு எழுத்தில்லை. பழங்கல்வெட்டுகளில் இருந்து பின்னர் வழக்கொழிந்தது. விஜயநகரத்தில் பிறந்த பி. சுசீலாவின் தமிழ் ஒலிப்பைத் தமிழரே எடுத்துக்காட்டாகக் கொள்வதால், எழுத்தின் குறையைச் செவி ஈடுசெய்யும் எனலாம். 1953இன் ‘தேவதாஸ்’ படத்தில் கண்டசாலாவின் தமிழ் அவ்வளவு இழையவில்லை. அந்நெகிழ்ந்த ஒலிப்பு குடியில் தளர்ந்த பாத்திரத்திற்குப் பொருந்திப்போயிற்று. இன்று அப்பாடலைத் திருத்தமான ஒலிப்பில் பாடினால் கேட்போர் ஏற்பரோ என்பது ஐயமே.

பிற்காலத்தில் போக்கு இருதிசையும் கொண்டது. ‘கீதாஞ்சலி’ (1989) தெலுங்கிலிருந்து ‘இதயத்தைத் திருடாதே’ ஆனது. வேட்டூரியின் இடத்தில் வாலி எழுதினார். ‘ரோஜா’ (1992) தமிழிலிருந்து தெலுங்குக்குச் சென்றது. வைரமுத்துவின் இடத்தில் ராஜஸ்ரீ எழுதினார். இங்கே முன்னமே படமான வாயசைவும் தளையாயிற்று. ஐம்பதுகளில் இரு மொழிக்கும் தனித்தனியே படமெடுத்ததால் தாஸுக்கு அத்தளை இல்லை. இரு காலத்துப் பாடல்களையும் ஒரே அளவுகோலால் மதிப்பிடுவது பொருந்தாது.

பழம்பாடல் மீட்பு எல்லா வடிவங்களையும் ஒப்ப மீட்பதில்லை. ஐதராபாத்தைச் சேர்ந்த கோல்ட்ஸ்டோன் நிறுவனம் வண்ணமூட்டி 2010 சனவரியில் திரையிட்டது தெலுங்கு ‘மாயாபஜா’ரை மட்டுமே. கருவிகளும் பட்டியல்களும் பாடகர், இசையமைப்பாளர், நடிகர் பெயரால் பாடல்களை வகுக்கின்றன. பாடலாசிரியர் பெயர் பலவிடத்து விடுபடுகிறது. ஒரு மெட்டின் இரு மொழி வடிவங்களை அடுத்தடுத்து நிறுத்தும் பட்டியலோ அரிது. பிங்களியின் பெயரும் தாஸின் பெயரும் ஒரே பதிவில் இடம்பெறும் அட்டவணை ஒன்று அமையுமாயின், அதன் முதற்பகுதியை மல்காஜ்கிரி போன்ற ஊர்களில் இரு தட்டையும் வைத்திருப்போரின் அலமாரியிலிருந்தே தொடங்க இயலும். 78 சுழற்சித் தட்டுகள் அரக்குக் கலவையால் ஆனவை, விழுந்தால் உடைபவை.