பீலிவளையின் கதை: தொண்டைநாட்டுத் தோற்றத் தொன்மத்தில் தாயின் இடம்

காதலில் தொடங்கிப் பிரிவில் முடியும் தொன்மங்கள், அவற்றைப் போற்றிய சமூகம் யாருடைய துயரை நினைவில் இருத்தியது என்பதையும் காட்டுவன. காஞ்சியும் மாமல்லபுரக் கடற்கரையும் அடங்கிய தொண்டைநாட்டின் தோற்றத்தோடு இணைத்துப் பேசப்படும் பீலிவளை கதை இதற்குத் தக்க சான்றாகும்.

மணிமேகலையின்படி, சோழன் நெடுமுடிக்கிள்ளி புகார்க் கடற்கரைச் சோலையில் ஒருத்தியைக் கண்டு காதல் கொள்கிறான். ஒரு திங்கள் உடனுறைந்தும் தான் யாரென அவள் கூறவில்லை, கூறாமலே நீங்குகிறாள். அவள் நாகநாட்டரசன் வளைவணனின் மகள் பீலிவளை என்பதையும், இனி மகன் வருவானேயன்றி அவள் வாராள் என்பதையும் சாரணர் ஒருவர் வாயிலாகவே மன்னன் அறிகிறான். பின்னர் அவள் மணிபல்லவத்தில் குழந்தையைக் கம்பளச்செட்டியிடம் ஒப்படைக்கிறாள். கலம் கவிழ்கிறது. மகனைத் தேடும் மன்னன் இந்திர விழாவை மறக்க, புகாரைக் கடல் கொள்கிறது.

தொண்டைமான் இளந்திரையனைப் பாடும் பெரும்பாணாற்றுப்படைக்கு உரைகண்ட நச்சினார்க்கினியர் வேறொரு முடிவைத் தருகிறார். பெற்ற புதல்வனை என்செய்வது என்று நாககன்னிகை வினவ, தொண்டைக்கொடியை அடையாளமாகக் கட்டிக் கடலில் விடுமாறும், கரையேறினால் அரசுரிமை தருவதாகவும் சோழன் கூறுகிறான். திரை தந்தமையால் மகன் திரையன் எனப் பெயர் பெறுகிறான்.

காப்பியத்தில் நகரையே அழித்த காதல், உரையில் அரசுரிமைக்குச் சான்றாக மாறுகிறது. இம்மாற்றத்திலும் மாறாதது ஒன்றுண்டு. காப்பியத்தில் அவளுக்குப் பெயருண்டு. உரையில் அதுவும் இல்லை. இரண்டிலும் அவள் பேசும் சில சொற்கள் மகனைப் பற்றியனவே. தன் பிரிவைப் பற்றி அவள் ஏதும் கூறவில்லை. வீரகூர்ச்சன் நாகவேந்தன் மகளை மணந்து அரசச் சின்னங்களைப் பெற்றதாகக் கூறும் பல்லவரின் வேலூர்ப்பாளையம் செப்பேட்டிலும் நாகமகள் ஆட்சியுரிமையின் வாயிலாகவே நிற்கிறாள்.

குலவரலாறு கூறும் கதை மகனையே நாடும் என இதற்கு அமைதி கூறலாம். ஆயின், சீனரின் வெண்ணாகப் பெண் கதை வேறுவழி காட்டுகிறது. மனிதனை மணந்த அந்நாகப்பெண் ஹாங்சோ நகரின் லெய்ஃபெங் கோபுரத்தின் அடியில் சிறைவைக்கப்படுகிறாள். 1624-இல் ஃபெங் மெங்லோங் வெளியிட்ட வடிவம் சிறையோடு முடிகிறது. பிற்கால வடிவங்களிலோ அவள் மகன் அரசுத் தேர்வில் வென்று வந்து தாயை மீட்கிறான். 1924-இல் அக்கோபுரம் உண்மையாகவே இடிந்தபோது, எழுத்தாளர் லூ சுன் அதனை மகிழ்ந்து எழுதினார்.

அங்கே மகனின் உயர்வு தாயின் விடுதலையில் நிறைவுறுகிறது. இங்கே அது அரியணையோடு நின்றுவிடுகிறது. கரையேறிய திரையன் தாயை நாடியதாக உரை கூறவில்லை. தொண்டைநாடு தன் பெயரில் அவள் கட்டிய கொடியை வைத்துக்கொண்டது, கட்டியவளை மறந்தது. பீலிவளையை ஒரு குலத்தின் மூலமாக மட்டுமன்றித் துயருற்ற காதலியாகவும் வாசிப்பதே இத்தொன்மத்தின் முழுப்பொருளை மீட்கும் வழியாகும்.