நீர்மேல் எழுத்தும் துருக்கியர் கலையும்

நிலையாத ஒன்றைச் சொல்ல வேண்டின் 'நீர்மேல் எழுத்து' என்பது தமிழ் வழக்கு. அவ்வுவமையையே மறுத்து நிற்கும் கலை ஒன்று துருக்கியரிடம் பல நூற்றாண்டுகளாக வழங்கி வருகின்றது. தட்டில் நிரப்பிய நீரின்மேல் நிறங்களைத் தெளித்து, அவை மிதந்து விரியும் கோலத்தைத் தாளில் அப்படியே ஏந்தி எடுப்பர். இதற்கு எப்ரு என்று பெயர். 'ஆப்' என்னும் நீரையும் 'ரூ' என்னும் முகத்தையும் சேர்த்துப் பொருள் கூறுவாரும் உளர். 'அப்ர்' என்னும் பாரசீகச் சொல்லினின்று, மேகம் போன்றது எனும் பொருளில் வந்ததென்பதே நமக்கு ஏற்புடைத்து. பழைய வழக்கில் 'எப்ரீ' என்றே இச்சொல் காணப்படுகின்றது.

2014இல் யுனெஸ்கோ நிறுவனம் இக்கலையை மனிதகுலத்தின் பண்பாட்டு மரபுகளுள் ஒன்றாக ஏற்றது. இன்று இஸ்தம்பூல் கலைஞர்கள் தம் கண்காட்சிச் செய்திகளையும் படங்களையும் உலகெங்கும் அனுப்புகின்றனர். அவை நம் இல்லங்களையும் எட்டுகின்றன. அழகாயிருக்கின்றது என்று சொல்லிக் கடந்து விடலாம். ஆனால் எது நல்ல எப்ரு என்று கேட்டால் என்ன விடை கூறுவோம்?

செய்முறையை அறியாமல் விடை கூற இயலாது. கெவென் என்னும் முட்செடியின் பிசினை நீரில் ஊறவைத்துத் துணியில் வடிகட்டி எடுப்பர். கொழகொழப்பான இந்நீரே நிறத்தைத் தாங்கும். நிறங்கள் பெரும்பாலும் மண்ணும் கல்லும்: செம்மண் காவி, அரிதாரத்தின் மஞ்சள், விளக்குப் புகையின் கரி. நீலத்திற்கு உரியதைத் துருக்கியர் இன்றளவும் 'லாகூர் அவுரி' என்றே அழைக்கின்றனர். நம் துணைக்கண்டத்தின் பெயர் அத்தட்டில் மிதப்பதை எண்ணி மகிழலாம். இவற்றைப் பளிங்குக் கல்லில் குழவிகொண்டு அரைத்து மாட்டுப் பித்தநீர் சில துளி சேர்ப்பர். நிறம் அமிழாமல் விரிவதும், ஒன்றோடொன்று கலவாமல் எல்லை காப்பதும் இப்பித்தநீரால்தான். ரோஜாக் கொம்பில் குதிரை மயிர் கட்டிய தூரிகையால் தெளித்தபின் தாளை மெல்லப் படியவிட்டு இழுத்தெடுக்க, கோலம் முழுவதும் தாளுக்கு வந்துவிடுகின்றது. ஒன்று போல் மற்றொன்று ஒருகாலும் அமையாது.

இத்தகைய தாள்கள் சுவரில் தொங்குவதற்காகப் பிறந்தவையல்ல. நூற்கட்டின் உட்புறத்தில் ஒட்டவும், அரபு எழுத்தணிப் பலகைக்குச் சுற்றுக்கரை வைக்கவும், மென்னிறத்தில் அமைந்தால் எழுத்துக்கே தளமாகவும் அவை பயன்பட்டன. சுருங்கக் கூறின், எப்ரு எழுத்தின் ஆடை. அயா சோபியாவின் கத்தீபாக இருந்து 1773இல் மறைந்த மெஹ்மெத் எஃபெந்தி, துளிக்குள் துளியிட்டு ஊசியால் இழுக்கும் புதுவகையைத் தந்தார். அது இன்றும் 'கத்தீப் எப்ரு' என வழங்குகின்றது. மிம்பரில் குத்பா ஓதியவரின் பெயர் ஒரு வண்ணக் கோலத்திற்கு நிலைத்தது வியப்பன்று. அந்நாளில் ஆலிமும் கலைஞரும் இருவேறு ஆட்களல்லர்.

அம்மரபின் கடைசிப் பெருந்தகை நெஜ்மெத்தீன் ஒக்யாய் (1883–1976). உஸ்குதாரில் இமாமாகவும் கத்தீபாகவும் பணியாற்றியவர். எழுத்தணி, நூற்கட்டு, வில்வித்தை, ரோஜா வளர்ப்பு ஆகியவற்றில் கைதேர்ந்தவர். உஸ்பெக்குகள் தைக்காவின் ஷைகு எத்ஹெம் எஃபெந்தியிடம் (1829–1904) எப்ரு பயின்ற இவர், 1918ஐ ஒட்டி நீரின்மேல் மலர்களை உருப்பெறச் செய்தார். துலிப், கார்னேஷன், பதுமராகம், ஊதா என அவை இன்னமலர் என்று அறியத்தக்கனவாய் மலர்ந்தன.

இதன் பின்னரே வரலாறு திரும்புகின்றது. 1928 நவம்பரில் அரபு எழுத்தை நீக்கி இலத்தீன் எழுத்தை ஏற்கும் சட்டம் துருக்கியில் நிறைவேறிற்று. ஆடை அணிய வேண்டிய உடல் ஒரே ஆண்டில் மறைந்தது போலாயிற்று. அரபு எழுத்தில் நூல் அச்சாகாத நாட்டில் அந்நூலுக்குரிய தாள் எதற்கு? எழுத்தறியாத கண்ணும் மலரை அறியும் என்பதனாலேயே எப்ரு அன்று சட்டத்துக்குள் புகுந்து சுவரில் ஏறிற்று. அதனாலேயே பிழைத்தது என்பது நம் கருத்து. ஆகவே 'சுவரில் மாட்டியதே கேடு' என்போரோடு நாம் உடன்படோம்.

ஆயினும் இன்றைய படங்கள் பலவற்றில் வேறொரு போக்கைக் காண்கின்றோம். ஒக்யாயின் மலரில் ஒரு தண்டு, சில துளிகள், ஊசியின் சில இழுப்புகள், அவ்வளவே. மீதியைச் செய்வது நீர். துளி எவ்வளவு விரிய வேண்டும் என்பதைக் கலைஞன் பித்தநீரின் அளவால் வேண்டிக்கொள்கிறான், கட்டளையிடுவதில்லை. இன்றோ நிழலும் ஒளியும் காட்டும் ரோஜாக்கள், கோபுரங்கள், மனித முகங்கள்! ஊசி நீரை முற்றும் வென்றுவிட்ட இடத்தில் எஞ்சுவது எப்ருவன்று, ஓவியம்; அதுவும் தூரிகையால் இதனினும் நன்றாகத் தீட்டியிருக்கத் தக்க ஓவியம். ஒக்யாயும் புதுமை செய்தவரன்றோ எனக் கேட்கலாம். செய்தார். ஆனால் அவர் புதுமை நீரின் இயல்புக்குள் நின்றது. மலருக்குப் பின்னே தெளித்த தளம் தெளிவாகத் தெரிய விட்டது. எழுத்தை மூடிய பிசின் நிறத்தை ஏற்காது என்னும் இயல்பைக் கொண்டே தாளில் எழுத்தை வெறுமையாய் நிற்கச் செய்து, எப்ருவுக்குள் எழுத்தை மீட்டவரும் அவரே.

கண்காட்சி மண்டபங்களில் தட்டை வைத்துச் செய்து காட்டும் வழக்கம் பற்றியும் ஒரு சொல். சில நிமிடங்களில் துலிப் பூக்கின்றது, கூட்டம் கைதட்டுகின்றது. குழவியின் மணிக்கணக்கான சுழற்சியும், உஸ்தாதின் பக்கத்தில் கழிந்த ஆண்டுகளும் அங்கே தெரிவதில்லை. கண்கட்டு வித்தை பார்த்த மனநிறைவோடு திரும்புகின்றனர் மக்கள். சிறார்க்கு அது ஆசையூட்டும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் பல செய்திக் குறிப்புகளில் திறப்பாளர் பெயர் இருக்கின்றது, கலைஞரின் ஆசிரியர் பெயரைக் காணோம். ஸனதில்லாத அறிவிப்பை மத்ரஸாவில் எவ்வாறு கேட்போமோ, அவ்வாறே இதனையும் கேட்கத் தோன்றுகின்றது.

ஒக்யாயின் உறவினரும் மாணவருமான முஸ்தஃபா துஸ்குன்மான் (1920–1990) உஸ்குதாரில் அத்தார் கடை நடத்தியவர்; நம்மூர் நாட்டு மருந்துக் கடை போன்றது அது. ஆசிரியர் தந்த மலர்களோடு அவர் சேர்த்தது வெண்சாமந்தி போன்ற டெய்சி ஒன்றே. அவர் போற்றிய வகைகளுள் 'பத்தால்' முதன்மையானது. அதில் மலரில்லை, ஊசியில்லை. தெளித்த நிறம் தெளித்தபடியே நிற்கும். பார்ப்போர் விரைந்து கடந்து செல்வது அதனையே. நிறம் நன்கு அரைபட்டதா, பித்தநீர் அளவோடு சேர்ந்ததா என்பதை மறைக்க அதில் ஒரு பூவும் இல்லை. கண்காட்சிப் படங்கள் கைக்கு வரும் வாசக அன்பர்கள் முதலில் பத்தாலைத் தேடிப் பார்ப்பார்களாக. அது நன்றாயிருந்தால் பின்னர் மலர்களைப் பார்க்கலாம்.