மூணாவது பட்டன்

கம்ப்யூட்டரில் ஒரு கடிதம் அடித்து முடித்ததும் மேல் வரிசையில் ஒரு சின்னச் சதுரத்தை அழுத்துகிறீர்கள் இல்லையா? அது என்ன படம் என்று உங்கள் பிள்ளையைக் கேட்டுப் பாருங்கள். "சேவ்" என்பான். அது ஃப்ளாப்பி! சோனி நிறுவனம் ஜப்பானில்கூட 2011 மார்ச்சோடு அதை விற்பதை நிறுத்திவிட்டது. செத்தவர் படம் மட்டும், மாலைகூட இல்லாமல், இன்னும் மாட்டியிருக்கிறது.

ஃபோல்டரும் அப்படித்தான். 1981-ல் 'ஜெராக்ஸ் ஸ்டார்' என்ற கம்ப்யூட்டர், அமெரிக்க ஆபீஸ் மேஜையை அப்படியே திரையில் வரைந்தது. அந்த மேஜையின் அட்டைதான் இன்றும் நம் திரையில். நம் தாலுகா ஆபீஸிலோ ஃபைல் என்றால் நாடா போட்டுக் கட்டிய கட்டு. சரி, படம் புரியாவிட்டால் பக்கத்தில் இருக்கும் பெயராவது கைகொடுக்க வேண்டும். அது இங்கிலீஷ்.

சென்னையில் இது பெரிய சங்கதியாகத் தெரியாது. கிருஷ்ணகிரி - ஓசூர் நெடுஞ்சாலையில் இருக்கிற குந்தாரப்பள்ளிக்கு வாருங்கள். வெள்ளிக்கிழமை ஆட்டுச் சந்தைக்குப் பெயர்போன ஊர். தமிழ், தெலுங்கு, கன்னடம் மூன்றும் புழங்கும் வட்டாரம். அங்கே மனு டைப் அடிக்கும் கடை ஒன்றில், பத்தாவது வரை தமிழ் மீடியம் படித்த ஒரு பெண் வேலைக்குச் சேர்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். பட்டன்களை அவள் படிப்பதில்லை, எண்ணுகிறாள். 'இடது பக்கத்துலேர்ந்து மூணாவது.' வெர்ஷன் மாறினால் மூணாவது அஞ்சாவதாகிவிடும். நேற்றுவரை வேலை தெரிந்தவள், இன்று தெரியாதவள்.

"அதான் தமிழில் மெனு வந்துவிட்டதே சார்?" என்பீர்கள். வந்தது. விண்டோஸ் எக்ஸ்.பி.க்கே தமிழ் முகப்பு தந்தார்கள். லிப்ரே ஆபீஸையும் தமிழில் பார்க்கலாம். பல தன்னார்வலர்கள் ராத்திரி கண் விழித்துச் செய்த வேலை, குறை சொல்ல மனம் வராது. ஆனாலும் ஜன்னலைச் 'சாளரம்' என்று உங்கள் வீட்டில் யார் சொல்கிறார்கள்? பி.காம். படித்தவன் என்பதால் எனக்கு இது உறுத்துகிறது. பற்று, வரவு, பேரேடு, ஐந்தொகை... இதெல்லாம் நம் கடைக்காரர்கள் வாயில் புழங்கிப் புழங்கி நின்ற வார்த்தைகள். மெனுத் தமிழுக்கு அப்படிப் புழங்க நேரமே கிடைக்கவில்லை. மேலே இருந்து இறங்கியது.

இதில் வேடிக்கை, அந்தப் பெண்ணுக்கான வழி ஒரு காலத்தில் மைக்ரோசாஃப்ட் ஆபீஸிலேயே இருந்தது. 2003 பதிப்பு வரை டூல்பாரில் 'கஸ்டமைஸ்' போய், ஒரு பட்டன் மேல் ரைட் கிளிக் செய்தால் அதன் பெயரையே மாற்றலாம். குட்டிக் குட்டிக் கட்டங்களில் படத்தைக்கூட நாமே வரையலாம்! எத்தனை பேர் செய்தோம்? 2007 பதிப்பில் 'ரிப்பன்' வந்தது, அந்தச் சுதந்திரம் போனது. தெரியாமல் இழுத்து டூல்பாரைத் தொலைத்துவிட்டு முழிப்பவர்கள் உண்டு, வாஸ்தவம்தான். அதற்காகப் பூட்டு போடுவதா? 2010-ல் ரிப்பனை ஓரளவு மாற்ற அனுமதித்தார்கள். பழைய தாராளம் திரும்பவில்லை.

லிப்ரே ஆபீஸில் அந்தத் தாராளம் இன்றும் இருக்கிறது, அதுவும் காசில்லாமல். 'டூல்ஸ்' மெனுவில் 'கஸ்டமைஸ்', அதில் 'டூல்பார்ஸ்'. பட்டனைத் தேர்ந்தெடுத்து 'மாடிஃபை' கொடுத்தால் பெயரையும் மாற்றலாம், படத்தையும் மாற்றலாம். படம் மட்டும், எழுத்து மட்டும், இரண்டும் சேர்த்து... எது வேண்டுமோ வைத்துக்கொள்ளலாம். தமிழ் மெனுவைவிட எனக்கு இதுதான் உசத்தி. ஃப்ளாப்பிக்கு அந்தப் பெண் 'பத்திரப்படுத்து' என்று வைப்பாளோ, 'எடுத்து வை' என்று வைப்பாளோ, வீட்டில் பேசும் தெலுங்கில் வைப்பாளோ, அவள் பாடு. பத்துப் பட்டனுக்குப் பெயர் வைக்க அரை மணி நேரம் போதும்.

ஒரே ஒரு தொல்லை. அந்தப் பெயர் அந்த மெஷினோடு சரி. முதலாளி பக்கத்து சிஸ்டத்தில் உட்காரச் சொன்னால், அங்கே மறுபடியும் 'சேவ்'தான்.