முதலில் மானிட்டரின் முதுகைப் பாருங்கள்

பழைய கம்ப்யூட்டருக்குக் குறைந்த செலவில் என்ன கிராபிக்ஸ் கார்டு போடலாம் என்று கேட்பவர்களுக்கு என் பதில் ஒரே வரிதான்: ஜிடிஎக்ஸ் 1650, செகண்ட் ஹேண்டில், தனி பவர் வயர் கேட்காத மாடல். சில வாரங்களாக என் பெட்டியில் அதுதான் ஓடுகிறது. வேலையில் அது ஒரு நாளும் கைவிட்டதில்லை. ஆனால் அந்தக் கார்டிலிருந்து மானிட்டருக்குப் படத்தைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிட்டது. கார்டு வாங்கப் போகிறவர்களிடம் யாரும் இதைச் சொல்லி எச்சரிப்பதில்லை. அதனால் இந்த விமர்சனத்தின் பெரும் பகுதி அதற்கே.

கீழ்பென்னாத்தூரில் டிடிபி கடை, ஸ்டுடியோ, ஜெராக்ஸ் கடை என்று எங்கே எட்டிப் பார்த்தாலும் கண்ணில் படும் ரகம்தான் என் பெட்டியும். 2012-இல் வந்த ஐ5-3470, எச்61 மதர்போர்டு, 8 ஜிபி டிடிஆர்3 ராம், அதோடு வாங்கிய 18.5 அங்குல மானிட்டர். எஸ்எஸ்டி போட்டதிலிருந்து பத்திரிகை அடிக்கவும் நோட்டீஸ் போடவும் இந்த வேகம் தாராளம். இடறுவது கிராபிக்ஸில்தான். பிராசஸருக்குள் இருக்கும் எச்டி 2500 டைரக்ட்எக்ஸ் 11 வரைக்கும்தான் வரும். இன்றைய போட்டோஷாப் 12 கேட்கிறது. யூடியூபின் விபி9 வீடியோவைப் பிரிக்கும் வசதி அதில் கிடையாது என்பதால் மொத்த பாரமும் பிராசஸர் தலையில் விழும். கல்யாண வீடியோ எடிட் செய்கிறவர்கள் ராத்திரி எக்ஸ்போர்ட் போட்டுவிட்டு விடிந்ததும் வந்து பார்க்கிறார்கள்.

ஏன் 1650 என்பதைச் சீக்கிரம் சொல்லிவிடுகிறேன். ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400 வெறும் 53 வாட் குடிக்கிறது, விலையும் படியும். ஆனால் அது பிசிஐ எக்ஸ்பிரஸ் ஸ்லாட்டில் நான்கு தடங்களை மட்டுமே பயன்படுத்துவதால் பழைய போர்டில் வேகம் இழக்கும். வீடியோ என்கோடரும் அதில் இல்லை. எடிட்டிங் செய்பவருக்கு அது ஒன்றே போதும், வேண்டாம் என்று சொல்ல. இன்டெல் ஆர்க் கார்டுகள் ரீசைசபிள் பார் இல்லாத போர்டில் திணறும். எச்61 காலத்துப் போர்டுகளில் அது ஏது? ஜிடி 1030-க்கு 30 வாட் போதும், அதிலும் என்கோடர் இல்லை. ஜிடிஎக்ஸ் 1050 டிஐ நல்ல உழைப்பாளி. ஆனால் பாஸ்கல் தலைமுறைக்கு என்விடியா தரும் வழக்கமான டிரைவர் 2025 அக்டோபரோடு நின்றுவிட்டது. 2028 அக்டோபர் வரை பாதுகாப்புத் திருத்தங்கள் மட்டும் வரும். 2024-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3050-இன் 6 ஜிபி மாடல் 70 வாட்டில், தனி வயர் இல்லாமல் ஓடும் அருமையான கார்டு. அதைப் புதிதாக வாங்கும் பணத்தில் என் பெட்டி போல ஒன்றை வாங்கி, மிச்சமும் பிடிக்கலாம். எல்லாம் கழித்தால் மிஞ்சுவது 2019-இல் வந்த 1650: 4 ஜிபி, 75 வாட், நல்ல என்கோடர், இன்னும் டிரைவர் வந்துகொண்டிருக்கும் டூரிங் தலைமுறை.

என்விடியா மேல் எனக்குப் பல வருட விசுவாசம் உண்டு. அதனாலேயே அது பெயர் வைக்கும் விதத்தைப் பார்த்தால் கோபம் வருகிறது. 2017-இல் ஜிடி 1030 ஜிடிடிஆர்5 மெமரியோடு வந்தது. நொடிக்கு 48 ஜிபி. அடுத்த வருடம் அதே பெயரில் டிடிஆர்4 மெமரியோடு இன்னொன்றை இறக்கினார்கள், நொடிக்கு 16.8 ஜிபி. அட்டைப் பெட்டியில் இரண்டுக்கும் ஒரே எண்தான். 1650-யிலும் ஜிடிடிஆர்5, ஜிடிடிஆர்6 என்று ரகங்கள் உண்டு, சில மாடல்கள் 6 பின் பவர் வயர் கேட்கும். ஏஎம்டியும் ஆர்எக்ஸ் 560 என்ற ஒரே பெயரில் 1024 ஷேடர் கார்டையும் 896 ஷேடர் கார்டையும் விற்றது. மாதச் சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்குகிறவரிடம் இப்படிச் செய்வது அநியாயம். செகண்ட் ஹேண்டில் வாங்கினால் கடையிலேயே பெட்டியில் மாட்டி ஜிபியு-இசட் ஓட்டிப் பாருங்கள். பழைய சிப்பில் பயாஸை மாற்றி எழுதி, புதுப் பெயர் ஒட்டி விற்கும் என்விடியா போலிகள் பலவற்றை அது காட்டிக்கொடுத்துவிடும்.

இனி, படத்தை மானிட்டருக்குக் கொண்டுபோகும் அந்த நீல வயர் விஷயத்துக்கு வருகிறேன்.

என் 18.5 அங்குல மானிட்டரின் பின்னால் ஒரே ஒரு வாய்தான்: பதினைந்து பின் கொண்ட நீல விஜிஏ. 2010-ஐ ஒட்டி விற்ற மலிவு மானிட்டர்கள் பலவும் அப்படித்தான். 1650-யிலோ எச்டிஎம்ஐ, டிஸ்ப்ளே போர்ட், மாடலைப் பொறுத்து டிவிஐ. விஜிஏ கிடையாது. திருவண்ணாமலையில் ஒரு கடையில் இதைச் சொன்னதும் கடைக்காரர் யோசிக்கவே இல்லை, அலமாரியிலிருந்து ஜிடி 710 ஒன்றை எடுத்து வைத்தார். "விஜிஏ வேணும்னா இதுதான் சார். இந்தப் பக்கம் எல்லாரும் இதைத்தான் கேட்டு வாங்கிட்டுப் போறாங்க."

அவர் சொன்னது உண்மை. சின்ன ஊர்களில் ஜிடி 710-உம் 730-உம் இன்னும் விற்பதற்கு அவற்றின் வேகம் காரணமில்லை, அந்த நீல வாய்தான் காரணம். ஆனால் அவற்றில் பெரும்பாலானவை கெப்ளர் தலைமுறைக் கார்டுகள். வழக்கமான டிரைவர் 2021-லேயே முடிந்தது. பாதுகாப்புத் திருத்தமும் 2024 செப்டம்பரோடு சரி. இன்றைய போட்டோஷாப் கேட்கும் டைரக்ட்எக்ஸ் நிலையை அவை எட்டுவதும் இல்லை. என்விடியாவின் மேக்ஸ்வெல் தலைமுறையோடு அனலாக் வெளியீடு போயிற்று. பாஸ்கல் தலைமுறையோடு டிரைவர் போயிற்று. இரண்டையும் சேர்த்துப் பார்த்தால் கணக்கு தெளிவு: டிரைவர் வரும் கார்டில் விஜிஏ இருக்காது, விஜிஏ உள்ள கார்டுக்கு டிரைவர் வராது. நடுவில் மாட்டிக்கொண்டிருப்பது பழைய மானிட்டர் வைத்திருக்கும் நாம்தான்.

இது திடீரென்று நடந்ததும் இல்லை. 1987-இல் ஐபிஎம் கொண்டுவந்த விஜிஏ-வை 2015-க்குள் கைவிடப் போகிறோம் என்று இன்டெல், ஏஎம்டி, டெல், லெனோவா, சாம்சங், எல்ஜி ஆகிய நிறுவனங்கள் 2010 டிசம்பரிலேயே கூட்டாக அறிவித்தன. அறிவித்த பிறகும் விஜிஏ மட்டும் உள்ள மானிட்டர்கள் நம் சந்தையில் வருடக்கணக்கில் விற்றன. இப்போதைய மலிவு மதர்போர்டுகளில்கூட நீல வாய் இருக்கிறது. கிராபிக்ஸ் கார்டு மட்டும் சொன்ன சொல்லைக் காப்பாற்றியது.

மதர்போர்டின் விஜிஏ-யிலேயே மானிட்டரை விட்டுவிட்டால் என்ன என்று நீங்கள் கேட்கலாம். என் போர்டு கார்டு செருகியதும் உள் கிராபிக்ஸை அணைத்துவிடுகிறது. சில போர்டுகளில் பயாஸில் இரண்டையும் வைத்துக்கொள்ளும் வசதி உண்டு. அப்போதும் கார்டு வரைந்த படம் பழைய சிப் வழியாகத்தான் வெளியே வரவேண்டும். எக்ஸ்போர்ட் வேலைக்கு மட்டும் கார்டு வாங்குகிறவருக்கு அது போதும், மற்றவர்களுக்குப் போதாது.

அடுத்த வழி கன்வர்ட்டர். இங்கே இரண்டு பொருள்களைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. பழைய கார்டுகளோடு டிவிஐ-யை விஜிஏ ஆக்கும் வெள்ளை நிறக் குட்டி பிளக் ஒன்று இலவசமாக வரும். அதற்குள் எந்தச் சிப்பும் இல்லை. டிவிஐ-ஐ வகைப் போர்ட்டில் அனலாக் சிக்னலும் கூடவே வருவதால் அங்கே அது வேலை செய்தது. புதிய கார்டுகளில் இருப்பது டிவிஐ-டி. அகலமான தட்டைத் துளைக்கு மேலும் கீழும் இரண்டிரண்டாக இருக்க வேண்டிய நான்கு சின்னத் துளைகள் அதில் இருக்காது. அந்த பிளக் உள்ளேயே போகாது. அதை அழுத்தித் தள்ளாதீர்கள், பின் வளைந்துவிடும்.

வேண்டியது எச்டிஎம்ஐ-யிலிருந்து விஜிஏ-வுக்கு மாற்றும், உள்ளே சிப் வைத்த கன்வர்ட்டர். டிஜிட்டலாக வரும் படத்தை அது அனலாக் மின்னழுத்தமாக மாற்ற வேண்டும். மானிட்டர் அதை மறுபடியும் டிஜிட்டலாக மாற்றும். இந்தச் சிப்புக்கு மின்சாரம் எச்டிஎம்ஐ-யின் 5 வோல்ட் பின்னிலிருந்து வருகிறது. எச்டிஎம்ஐ விதிப்படி அந்தப் பின் உறுதியாகத் தரவேண்டியது வெறும் 55 மில்லிஆம்பியர். மலிவான கன்வர்ட்டர் அதற்கு மேல் இழுக்கும். கத்திரி வெயிலில், ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே, நான் முதலில் மாட்டியது கை வைக்க முடியாமல் சுட்டது. மதியத்துக்கு மேல் படம் ஒரு நொடி கறுத்துத் திரும்பும், கொஞ்ச நேரத்தில் மறுபடியும் கறுக்கும். யுஎஸ்பி-யிலிருந்து தனியாக மின்சாரம் எடுக்கும் வாய் உள்ள கன்வர்ட்டரை மாட்டியதும் கறுப்பது நின்றது.

படம் நிலைத்தாலும் எழுத்து தெளியவில்லை. அந்த மானிட்டரின் அசல் அளவு 1366×768. இந்த 1366 என்ற எண் எட்டால் வகுபடாது. பழைய அனலாக் கணக்குகளோ எட்டு எட்டாகத்தான் போகும். அதனால் கன்வர்ட்டர் வழியே விண்டோஸ் தந்த அளவு 1360×768. இடைவெளி ஆறு புள்ளிதான். ஆனால் 1360 புள்ளிகளை 1366 இடங்களில் இழுத்துப் பரப்பும்போது எழுத்தின் விளிம்பெல்லாம் கரைந்துவிடுகிறது. சினிமா பார்ப்பவருக்கு இது தெரியாது. தமிழில் டிடிபி செய்பவருக்கு முதல் வரியிலேயே தெரியும். ஒன்பது புள்ளி அளவில் ன-வின் இரண்டு சுழியும் ண-வின் மூன்று சுழியும் ஒன்றோடொன்று அப்பிக்கொள்கின்றன. மெய்யெழுத்தின் மேல் உள்ள புள்ளி சாம்பல் கறையாக மங்குகிறது. 'க்' எது, 'க' எது என்று திரையை ஒட்டிப் போய்ப் பார்க்க வேண்டும். கல்யாணப் பத்திரிகையில் மணமகள் பெயரில் ஒரு புள்ளி விட்டுப்போனால் அச்சடித்த அத்தனையும் வீண். மானிட்டரில் உள்ள 'ஆட்டோ' பட்டனை அழுத்தினால் படம் இடம் வலம் சரியாகும், கரைந்த விளிம்பு சரியாகாது. பழைய எச்டி 2500-இல், நேர் விஜிஏ வயரில், இதே மானிட்டரில் எழுத்து கூர்மையாக இருந்தது. புதுக் கார்டு வந்து எழுத்து கெட்டுப்போனதை என்னால் ஏற்றுக்கொள்ளவே முடியவில்லை.

தீர்வு கன்வர்ட்டரை மாற்றுவதில் இல்லை, மானிட்டரை மாற்றுவதில் இருந்தது. கம்பெனிகள் கழித்துவிடும் 22 அங்குல, 1920×1080 மானிட்டர்கள் சென்னை ரிச்சி தெருவிலும் பழைய கம்ப்யூட்டர் விற்கும் கடைகளிலும் கிடைக்கின்றன. ஆபீஸுக்கென்று செய்தவை என்பதால் டிவிஐ அல்லது டிஸ்ப்ளே போர்ட் வாய் அவற்றில் பெரும்பாலும் இருக்கும். டிவிஐ இருந்தாலே போதும். எச்டிஎம்ஐ-யும் டிவிஐ-டி-யும் அனுப்பும் சிக்னல் ஒன்றே. நடுவில் சிப் எதுவும் வேண்டாம், வெறும் வயர் போதும். சூடு இல்லை, கறுப்பு இல்லை. இப்போது எட்டு புள்ளி எழுத்தில்கூடப் புள்ளி புள்ளியாகவே நிற்கிறது.

மானிட்டர் சரியான பிறகுதான் கார்டின் அருமை முழுதாகத் தெரிந்தது. பிரீமியரில் எக்ஸ்போர்ட் இனி ராத்திரி வேலை இல்லை. டீ குடிக்கப் போய் வருவதற்குள் ஒரு பாடல் காட்சி முடிந்து நிற்கிறது. போட்டோஷாப்பில் ஆல்பம் பக்கத்தைப் பெரிதாக்கும்போது இருந்த இழுவை போய்விட்டது. 75 வாட்டையும் ஸ்லாட்டிலிருந்தே எடுத்துக்கொள்வதால் பழைய எஸ்எம்பிஎஸ்-ஐ மாற்ற வேண்டிவரவில்லை. ஆனாலும் எஸ்எம்பிஎஸ் மேல் பெரிதாக அச்சடித்த 450 என்ற எண்ணை நம்பாதீர்கள். 12 வோல்ட் வரியில் எத்தனை ஆம்பியர் என்று ஸ்டிக்கரில் பாருங்கள். சில எச்61 போர்டுகள் பயாஸ் புதுப்பிக்காமல் புதிய கார்டை ஏற்காது, அதையும் முன்கூட்டியே விசாரித்துக்கொள்ளுங்கள். கடைக்குக் கிளம்பும் முன் மானிட்டரின் பின்பக்கத்தையும் எஸ்எம்பிஎஸ் ஸ்டிக்கரையும் போனில் படம் பிடித்துக்கொண்டு போனால், பஸ் ஏறித் திருவண்ணாமலைக்கு இன்னொரு முறை அலைய வேண்டியிருக்காது. பௌர்ணமி நாளில் அந்த அலைச்சல் எப்படியிருக்கும் என்பது இந்த ஊர்க்காரர்களுக்குத் தெரியும்.

கையில் இருக்கும் பணம் கார்டுக்கு மட்டும்தான் போதும், மானிட்டரில் நீல வாய் மட்டும்தான் உண்டு என்றால் இப்போதைக்குக் கார்டு வாங்காதீர்கள். முதலில் மானிட்டரை மாற்றுங்கள், சில மாதம் கழித்துக் கார்டு. ஜிடி 710-க்கு மட்டும் பணத்தைக் கொடுத்துவிடாதீர்கள். இந்தப் பெட்டிக்கு ஆயுள் அதிகமில்லை என்பது நிஜம். விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஓடு முடிந்தது. விண்டோஸ் 11 இந்த பிராசஸரை அதிகாரபூர்வமாக ஏற்பதில்லை. லினக்ஸ் போட்டு இன்னும் சில வருடம் இழுக்கலாம், அவ்வளவுதான். அந்தப் பெட்டியைக் கழிக்கும் நாளில் விஜிஏ வாய்க்காக வாங்கிய ஜிடி 710-உம் கன்வர்ட்டரும் அதோடு சேர்ந்து போகும். 1650-ஐயும் நல்ல மானிட்டரையும் கழற்றி அடுத்த பெட்டியில் மாட்டிக்கொள்ளலாம். குறைந்த பணத்தில் மேம்படுத்துகிறவர் அப்படிக் கூடவே வரும் பொருளில்தான் பணத்தைப் போட வேண்டும்.