உத்தரவுங்க, ஆண்டே

பவர், அதாரிட்டி என்று ஆங்கிலம் இரண்டாகப் பார்ப்பதை நாம் ‘அதிகாரம்’ என்ற ஒரே சொல்லில் போட்டு மூடிவிடுகிறோம். முன்னது, பிறரைச் செய்யவைக்கும் வலு. பின்னது, வலுவைக் காட்டாமலே பிறர் ஒப்புக்கொள்ளும் தகுதி. சம்ஸ்கிருத மூலத்தில் இச்சொல்லுக்குத் தகுதி என்ற அர்த்தமும் உண்டு. வேதாந்தத்தில் அதிகாரி என்பவன் கற்கத் தகுதி பெற்றவன். (தாசில்தாருக்கு இது தெரிந்திருக்க நியாயமில்லை.)

தஞ்சாவூர்ப் பேச்சில் இன்னொரு சொல் உண்டு: உத்தரவு. பெரியவரிடம் விடைபெறுகிறவர் ‘உத்தரவு வாங்கிக்கறேன்’ என்பார். அங்கே யாரும் உத்தரவு போடவில்லை. கேட்பவரின் மரியாதைதான் அதை உண்டாக்குகிறது. அதாரிட்டிக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்குத் தெரியாது. பண்ணையாளும் ‘உத்தரவுங்க, ஆண்டே’ என்றுதான் நின்றான். ஆனால் அவனுக்குச் சவுக்கடியும் சாணிப்பாலும் காத்திருந்தன. 1940களில் பி. சீனிவாசராவ் கீழத்தஞ்சையில் விவசாயிகள் சங்கத்தைக் கட்டியபோது ஒழிக்கப் போராடியது இவற்றைத்தான். இது பவர். இரண்டு வாய்களிலிருந்தும் ஒரே சொல் வந்ததால், தன்னிடம் இருப்பது அதாரிட்டி என்றே மிராசுதார் நம்பிக்கொண்டிருந்தார்.

1968 டிசம்பர் 25 இரவு கீழ்வெண்மணியில் 44 பேர் ஒரு குடிசைக்குள் எரிந்துபோனதை இந்த நம்பிக்கையை விட்டுவிட்டுப் புரிந்துகொள்ள முடியாது. இந்திரா பார்த்தசாரதியின் ‘குருதிப்புனல்’ இடறுவது இங்கேதான். 1977இல் சாகித்ய அகாதெமி பரிசு பெற்ற அந்த நாவல், கண்ணையா நாயுடுவின் குரூரத்துக்கு அவருடைய ஆண்மைக்குறையைக் காரணமாக்குகிறது. வர்க்கப் பிரச்னையை ஆசிரியர் திசைதிருப்பிவிட்டார் என்று மார்க்ஸீய விமர்சகர்கள் கோபித்துக்கொண்டார்கள். கோபம் சரி, என்னுடைய ஆட்சேபணை வேறு. கூடுதல் கூலி நெல் கேட்டுச் செங்கொடி ஏறியதும், அதாரிட்டி என்று தான் எண்ணியிருந்தது ஒருநாளும் அப்படி இருந்ததில்லை என்பது மிராசுதாருக்குத் தெரிந்துவிடுகிறது. பலாத்காரம் தேவைப்படும் இடத்தில் அதாரிட்டி ஏற்கெனவே தோற்றிருக்கிறது என்பது ஹன்னா ஆரென்டின் வாதம். இந்தத் திடுக்கிடல் ஒரு பெரிய நாவலுக்கான விஷயம். அதை உடம்புக்குள் கொண்டுபோய் அடைத்ததும் நாயுடு ஒரு நோயாளி ஆகிவிடுகிறார். மற்ற மிராசுதார்கள் ஆரோக்கியசாலிகளாகத் தப்பித்துக்கொள்கிறார்கள். டில்லியிலிருந்து வந்த கோபாலும் சிவாவும் விவாதிக்கும் சத்தத்தில், ‘உத்தரவுங்க’ என்று சொன்னவன் உள்ளுக்குள் என்ன சொல்லிக்கொண்டான் என்பது காதில் விழுவதில்லை.

கார் வைத்திருக்கும் பெரிய மிராசுதார்கள் தாமே நடந்துபோய்த் தீ வைத்திருப்பார்கள் என்று நம்பக் கஷ்டமாக இருப்பதாக 1973இல் சென்னை உயர்நீதிமன்றம் சொன்னது, விடுவித்தது. சேரியில் காலாவதியான அதாரிட்டி கோர்ட்டில் செல்லுபடியாயிற்று. நாவல் வெளிவந்தது அதற்குப் பிறகு, 1975இல்.