குடலில் நடப்பது போர்தானா?

குடல் பாக்டீரியாக்களைப் பற்றி நம் பத்திரிகைகளிலும், விளம்பரங்களிலும், ஏன், சில பாடக் குறிப்புகளிலும்கூட ஒரே கதைதான் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. நல்ல பாக்டீரியாக்கள் ஒரு படை, கெட்ட கிருமிகள் மற்றொரு படை, குடல்தான் போர்க்களம். நம் படையின் பலம் குன்றாதிருக்க நாள்தோறும் ஒரு புட்டி பானமோ, ஒரு மாத்திரையோ போதும் என்று கதை முடிகிறது. வாசகர்களே, இக்கதை முழுப் பொய்யன்று. ஆனால் அதில் உள்ள பிழை, மருந்துக்கடையில் நாம் என்ன கேட்டு வாங்குகிறோம் என்பது வரை வந்து பாதிக்கிறது. ஆகவே சற்று உரசிப் பார்ப்பது நல்லது.

முதலில் எண்கள். (இயற்பியல் ஆசிரியனுக்கு இதில் என்ன வேலை என்று கேட்பவருக்கு, இதுதான் வேலை.) மனித உடலில் உள்ள செல்களைப் போல் பத்து மடங்கு பாக்டீரியாக்கள் உள்ளன என்று இன்றும் எழுதுகிறார்கள். இது 1970-களில் தோராயமாகப் போடப்பட்ட ஒரு கணக்கு. 2016-இல் இஸ்ரேலின் வைஸ்மன் நிறுவனத்தார் முறையாகக் கணக்கிட்டபோது, பாக்டீரியாக்கள் சுமார் 38 லட்சம் கோடி, மனித செல்கள் சுமார் 30 லட்சம் கோடி என வந்தது. பாக்டீரியாக்களின் மொத்த எடை ஏறத்தாழ 200 கிராம். இப்போது விற்பனையாகும் பானத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு புட்டியில் 650 கோடி பாக்டீரியாக்கள் என்றால் மலைப்பாக இருக்கிறது. வகுத்துப் பாருங்கள்: ஏற்கெனவே குடியிருக்கும் 5,800 பேருக்கு ஒருவர் வீதம் புதிதாக வருகிறார். இவர்தான் படைத்தளபதியாம்!

அப்படியானால் காவல் எவ்வாறு நடக்கிறது? புதுச்சேரி மகாத்மா காந்தி வீதியில் ஞாயிற்றுக்கிழமைச் சந்தையைப் பார்த்திருப்பீர்கள். விடியற்காலையிலேயே பழைய வியாபாரிகள் இடம் பிடித்துவிடுவார்கள். பத்து மணிக்கு மூட்டையுடன் வரும் புதியவரை யாரும் அடித்து விரட்டுவதில்லை. அவருக்குத் துணி விரிக்க இடமில்லை, வாங்குவோர் கையில் காசும் மிச்சமில்லை, அவ்வளவே. குடலிலும் பெரும்பாலும் இதுதான். 2023-இல் ஆக்ஸ்போர்டு ஆய்வாளர்கள் மனிதக் குடலின் பாக்டீரியா வகைகள் நூறு வரை எடுத்து, கிளெப்சியெல்லா, சால்மோனெல்லா ஆகிய நோய்க்கிருமிகளுக்கு எதிராகத் தனித்தனியாகவும் கூட்டாகவும் சோதித்தனர். தனியே நின்ற எந்த வகையும் பெரிதாகத் தடுக்கவில்லை. வகைகள் பெருகப் பெருகத் தடுப்பும் பெருகியது. காரணம், வந்த கிருமிக்கு வேண்டிய சத்துகளைக் கூட்டம் முன்னதாகவே தின்று தீர்த்துவிட்டது! கூட்டத்தில் முக்கியப் பங்கு வகித்த வகைகள்கூடத் தனியே விடப்பட்டபோது சொற்பப் பாதுகாப்பையே அளித்தன.

ஆயுதங்களே இல்லை என்று நான் சொல்லவில்லை. பாக்டீரியா தன் இனத்தாரையே கொல்லும் புரதத்தைச் சுரக்கிறது என்பதை 1925-லேயே பெல்ஜிய அறிஞர் ஆந்திரே கிராசியா கண்டார். ஆனால் ஆயுதம் ஒரு தரப்பாருக்கு மட்டும் உரியதன்று. காலராக் கிருமியிடம் அண்டை செல்லைக் குத்தி நஞ்சேற்றும் ஈட்டி போன்ற உறுப்பு உண்டு. குடலின் பழைய குடிகளையே அது குத்துகிறது.

கூட்டத்தைக் கலைத்தால் என்ன ஆகும் என்பதற்கு, 1962-இல் சிகாகோவில் போன்ஹாஃப், மில்லர் ஆகியோர் வெளியிட்ட எலிச் சோதனையைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. சாதாரண எலியின் குடலில் சால்மோனெல்லா வேரூன்ற ஏறத்தாழ ஒரு லட்சம் கிருமிகள் தேவைப்பட்டன. ஸ்டிரெப்டோமைசின் கொடுத்த எலிக்குப் பத்துக்கும் குறைவான கிருமிகளே போதுமாயின!

விளம்பரக்காரர்கள் மெச்னிகோவின் பெயரைச் சொல்லத் தவறுவதில்லை. பாரிஸ் பாஸ்டர் நிறுவனத்தில் பணியாற்றிய அவர் 1892-இல் காலராக் கிருமியைத் தாமே குடித்துப் பார்த்தார், ஒன்றும் ஆகவில்லை. அதே சோதனைக்கு உட்பட்ட மற்றொருவரோ சாவின் விளிம்புக்குப் போய் மீண்டார். இவ்வேறுபாட்டுக்குக் குடலில் உள்ள பிற நுண்ணுயிர்களே காரணமாகலாம் என்று அவர் ஐயுற்றது அருமையான ஊகம். அதிலிருந்து புளித்த பாலுக்குத் தாவியதுதான் அவசரம். அவருக்கு 1908-இல் கிடைத்த நோபெல் பரிசு நோய்த்தடுப்பு ஆராய்ச்சிக்காக; தயிருக்காக அன்று.

நம் நாட்டுச் சான்றுகளையும் பார்ப்போம். கொல்கத்தாவில் ஒன்று முதல் ஐந்து வயது வரையுள்ள 3,758 குழந்தைகளிடம் நடந்து 2011-இல் வெளியான ஆய்வில், மேற்சொன்ன 650 கோடிப் பானத்தைப் பாதிப்பேருக்கு 12 வாரங்கள் நாள்தோறும் கொடுத்தனர். வயிற்றுப்போக்கு குறைந்தது 14 சதவீதம். பயன் உண்டு, ஆனால் படை என்று பறைசாற்றும் அளவுக்கு அன்று. 2017-இல் வெளியான ஒடிசா ஆய்வு வேறுவிதம். கிராமங்களில் பிறந்த 4,556 சிசுக்களில் பாதிப்பேருக்கு ஏழு நாட்கள் லாக்டோபேசில்லஸ் வகையொன்றை அதற்கேற்ற சர்க்கரையுடன் புகட்டினர். நச்சுக்குருதி நோயோ மரணமோ நேர்ந்த விகிதம் 9-லிருந்து 5.4 சதவீதமாக இறங்கியது. ஏன் இவ்வளவு வேறுபாடு? சிசுவின் குடல், விடியுமுன் உள்ள சந்தை. இடம் இன்னும் காலி. எனக்கு இந்த விளக்கமே பொருத்தமாகப் படுகிறது.

2022 ஜூலையில் காரைக்காலில் வயிற்றுப்போக்கும் காலராவும் பரவிப் பொதுச் சுகாதார நெருக்கடி அறிவிக்கப்பட்டதை மறந்திருக்க மாட்டீர்கள். அத்தகைய நாட்களில் உயிரைக் காப்பவை தூய குடிநீரும் உப்பு-சர்க்கரைக் கரைசலும்தான். நாமோ இரண்டு முறை வயிறு போனாலே சீட்டில்லாமல் ஆன்டிபயாட்டிக் வாங்குகிறோம். கூடவே 'நல்ல பாக்டீரியா' மாத்திரையும் வாங்கிவிட்டால் கணக்குச் சரியாகிவிடும் என்று நம்புகிறோம். 2018-இல் வைஸ்மன் நிறுவனத்தார் இதையும் சோதித்தனர். ஆன்டிபயாட்டிக்குப் பின் பதினொரு வகை 'நல்லவை' கலந்த மருந்தை உண்டவர்களின் பழைய குடல் கூட்டம், எதுவுமே உண்ணாதவர்களின் கூட்டத்தைவிட மிகத் தாமதமாகவே திரும்பி வந்தது. காலியான இடத்தில் புதியவர்கள் துணி விரித்துவிட்டார்கள்.