வாக்குச் சீட்டும் கூலிச் சீட்டும்

தேர்தல்தோறும் வாக்குச்சாவடிப் பணிக்கு அனுப்பப்படும் மத்திய அரசு எழுத்தர்களுள் யானும் ஒருவன். பிறர் விரலில் மை வைக்கும் எனக்கு, என் வாக்கு எவர்க்கு என்பதைக் குறிப்பாற்கூடப் புலப்படுத்தும் உரிமை இல்லை. 1964ஆம் ஆண்டின் நடத்தை விதிகள் அதனைத் தடுக்கின்றன. வாயைக் கட்டும் விதி என்றே நெடுநாள் அதனை வெறுத்து வந்தேன். தரியாகஞ்சுப் பழைய புத்தகச் சந்தையில் வாங்கிய இரண்டு ஆங்கில நாவல்கள் என் எண்ணத்தைத் திருத்தின.

முதலாவது, ஜார்ஜ் எலியட் அம்மையாரின் 'ஃபீலிக்ஸ் ஹோல்ட்' (1866). கதை நிகழ்வது 1832ஆம் ஆண்டுச் சீர்திருத்தச் சட்டத்தை ஒட்டிய காலம். நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர்க்கு வாக்குரிமை இல்லை. ஆயினும் வேட்பாளரின் கையாள் ஒருவன் மதுக்கடையில் அவர்களுக்குக் குடிக்க வாங்கிக் கொடுக்கிறான். வாக்கு இல்லாதவனுக்கு மது எதற்கு? தேர்தல் நாளில் கூச்சலிட்டு எதிர்க்கட்சி வாக்காளரை அஞ்சச் செய்வதற்கே! இந்தச் சூழ்ச்சியை ஆசிரியை காட்டியிருக்கும் திறம் வியக்கத்தக்கது. அந்நாளில் வாக்காளன் தன் தெரிவை வாய்விட்டு உரைக்க வேண்டும். யார் எவர்க்கு வாக்களித்தார் என்பதை அச்சிட்டே வெளியிட்டனர். நிலக்கிழாரும் ஆலை முதலாளியும் அவ்வேட்டைப் புரட்டிப் பார்ப்பர். இரகசிய வாக்கெடுப்புச் சட்டம் அந்நாட்டில் 1872இல்தான் வந்தது.

ஆனால் அம்மையாரிடம் ஒரு குறை கண்டேன். வாக்குரிமை, இரகசிய வாக்கு முதலியன வெறும் எந்திரங்களே, அவற்றை இயக்கும் மக்கள் மனமே முதன்மையானது என்று அவர்தம் கதைத்தலைவன் பேசுகிறான். எந்திரம் இல்லாதவனிடம் எந்திரத்தின் சிறுமையைப் பேசுவது எளிது. 1867இல் நகரத் தொழிலாளர் பலர்க்கு வாக்குரிமை கிடைத்தது. மறு ஆண்டே, அதே ஃபீலிக்ஸ் ஹோல்ட்டின் பெயரால், நிதானமாக நடந்துகொள்ளுமாறு தொழிலாளர்க்கு அறிவுரை கூறும் கட்டுரை ஒன்று வெளிவந்தது. வெளியிட்டது பழமைவாதக் கட்சியைச் சார்ந்த பிளாக்வுட்டின் இதழ். எழுதத் தூண்டியவரும் அப்பதிப்பாளரே. மதுக்கடையில் நுழைந்த கையாளைக் கண்டித்த பேனா, தொழிலாளியின் குரலிலேயே தொழிலாளியின் வாக்கருகே சென்று நின்றதே! அன்பர்கள் இதனைச் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

இரண்டாம் நூல் இராபர்ட் டிரெஸ்ஸல் எழுதிய 'கந்தல் காற்சட்டைக் கொடைவள்ளல்கள்'. ஆசிரியர் வீடுகளுக்கு வண்ணம் பூசி வாழ்ந்த தொழிலாளி. 1911இல் இறந்தார், நூல் 1914இல் குறைத்து அச்சாகி, 1955இல்தான் முழுமையாக வந்தது. இதில் முதலாளி எவனும் 'இவர்க்கே போடு' என்று மிரட்ட வேண்டியதில்லை. வேலை எப்போது போகுமோ என்ற அச்சமே போதும். எசமானரின் வாதத்தைத் தொழிலாளியே தன் வாயால் உணவு இடைவேளையில் ஒப்பிக்கிறான். வேட்பாளர் இருவரும் செல்வர். அவர்களுக்காக ஏழைகள் இரு கட்சியாய்ப் பிரிந்து தெருவில் மோதுகின்றனர். எலியட் அம்மையார் காணாத உண்மை இது.

எனினும் பாத்திரப் பெயர்கள் பல ஏளனப் பெயர்கள். தெருக்கூத்துக் கட்டியங்காரன் தோற்றான். தோழர்களைத் திருத்த முயலும் ஓவனுக்கு அவர்கள்மேல் இரக்கத்தைவிட எரிச்சலே மிகுதி. நூலின் உயிர்நாடி வேறொருவன். முன்னாள் சமதர்மப் பேச்சாளனாகிய அவன், எந்த மக்களுக்காகப் பேசினானோ அவர்களாலேயே தாக்குண்டு மனம் கசந்தவன். இப்போது எதிர்த்த கட்சிக்கே கூலிக்குப் பேசுகிறான். தொழிலாளியின் நண்பன் என்ற பெயரும் விலைபோகும் என்பதை அவன் வாயிலாக டிரெஸ்ஸல் ஒப்புக்கொள்கிறார். ஆனால் வலிமை பெற்ற தொழிற்சங்கம் தன் உறுப்பினனின் வாக்கை என் செய்யும் என்ற வினாவை அவர் எழுப்பவில்லை.

அவ்வினா அவர் வாழ்ந்த காலத்திலேயே நீதிமன்றம் ஏறிற்று. தன் சந்தாவைக் கட்சிக்குச் செலவிடலாகாதென ஆஸ்பர்ன் என்ற இரயில்வேத் தொழிலாளி தொடுத்த வழக்கில் 1909இல் அவருக்கே வெற்றி கிடைத்தது. 1913ஆம் ஆண்டுச் சட்டம், அரசியலுக்குத் தனி நிதியென்றும், விரும்பாதவன் விலகலாமென்றும் வகுத்தது. நமது 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டத்தின் 16ஆம் பிரிவும் அத்தகையதாகவே இருந்தது: அரசியல் நிதிக்குக் கொடாதவனைச் சங்கம் தாழ்த்தலாகாது என்றது. பணத்திற்கு வேலி போட்டாயிற்று. வாக்கிற்கு?

வாக்குப்பெட்டிக் காலத்தில் பல சாவடிகளின் சீட்டுகளைக் கலந்து எண்ண விதி இடம் தந்தது. மின்னணு எந்திரம் வந்தபின் சாவடிவாரியாகக் கணக்கு வெளியாகிறது. தோட்டத்துக் குடியிருப்போ ஆலைக் குடியிருப்போ தனிச் சாவடியாயின் அங்குள்ளோர் போக்கு வெளிப்படை. எந்திரங்களின் கணக்கைக் கூட்டி மொத்தமாகக் காட்டும் கருவியைத் தேர்தல் ஆணையம் 2008இல் முன்மொழிந்தது. சட்ட ஆணையமும் 2015இல் பரிந்துரைத்தது. மத்திய அரசு ஏற்கவில்லை. அச்சிட்ட பழைய ஏடு வேறு உருவில் மீண்டது என்பேன்.

சில ஆண்டுகட்கு முன், எங்கள் குடியிருப்பிற்கு ஊழியர் சங்கப் பொறுப்பாளர் ஒருவர் வந்தார். இடமாற்றப் பட்டியலில் அவர் சொல் எடுபடும். என் மனைவி கொடுத்த காப்பியைப் பருகியபடியே, "நம் சாவடிக் கணக்கு எப்படியும் தெரிந்துவிடும், சார்," என்று மட்டும் சொன்னார். நல்லவர், என் மகனின் பள்ளிச் சேர்க்கைக்கு அலைந்து உதவியவர். அந்த ஆண்டு என் பெயர் இடமாற்றத்திற்கு உரிய வரிசையில் இருந்தது. நான் எவர்க்கு வாக்களித்தேன் என்பதைச் சொல்ல விதி இடந்தராது. ஆனால் சாவடிக்குள் நின்றபோது அந்தப் பட்டியல் என் நினைவில் இருந்தது என்று சொல்லத் தடையில்லை.

நம் சங்க நூலகத்திற்கு இவ்விரு நூல்களையும் வாங்க வேண்டுகிறேன். டிரெஸ்ஸலின் நூலில் 1955ஆம் ஆண்டின் முழுப் பதிப்பையே கேட்டு வாங்குதல் நலம்.